மூன்று ஓலையும் பதினைந்து நாளும்

ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு ஒரு கடற்கரை ஊரின் தெருவில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, "இங்க மீன் கிடைக்குமா அக்கா?" என்று கேட்டேன்.

வாசற்படியில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்த பெண்மணி கையை நிறுத்தினார். பூசைக்குப் போய்வந்த சேலையை இன்னும் மாற்றவில்லை. என்னை ஹெல்மெட்டிலிருந்து செருப்பு வரை ஒருமுறை பார்த்தார்.

"மீனா?"

"ஆமாக்கா. பிரகாசி அக்கா மீன் விப்பாங்கன்னு சொன்னாங்க. வீடு எதுன்னு..."

"இன்னைக்கா?"

"ஆமா. ஏன்?"

 அவர் முகத்தில் மெதுவாக ஒரு சிரிப்பு பரவியது. எதிர்வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏட்டி மெற்றில்டா! ஓடி வா. மாப்பிள்ளை வீட்டுலேருந்து விசாரிக்க ஆளு வந்திருக்கு!"

எந்த மாப்பிள்ளை? எந்த வீடு? எனக்கு ஒன்றும் புரியவில்லை. தெரு முழுக்கக் கோழிக்கறிக்கு மசாலா வறுபடும் வாசம். என் பொய்யை அந்த வாசமே காட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. எங்கள் மாவட்டத்தின் கத்தோலிக்கக் கடற்கரையில் ஞாயிற்றுக்கிழமை கடலில் வள்ளம் இறங்காது. மீன் கரைக்கு வராது. அன்றைக்கு வந்து மீன் கேட்பவள் ஒன்று பைத்தியமாக இருக்க வேண்டும், இல்லை வேறு காரியமாக வந்திருக்க வேண்டும்.

நான் தேரூர்ப் பக்கத்து வயற்காட்டுக்காரி. எங்கள் வீட்டு அடுப்பில் மீன் ஏறியதே இல்லை. கடல் எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் கொஞ்ச தூரம்தான். ஆனால் அதற்கு ஞாயிற்றுக்கிழமை லீவு என்று சமூகப்பணி முதுகலையில் யாரும் பாடம் எடுக்கவில்லை.

நோட்டில் ஒரு வரி

மேலே போகும் முன் ஒன்று. இந்த அத்தியாயத்தில் வருகிற பெயர்கள் அவர்களுடைய உண்மையான பெயர்கள் அல்ல, மாற்றியிருக்கிறேன். ஊரை எழுதவே இல்லை. எழுதியதைப் பிரகாசி அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். "எல்லாம் செரி. நான் இவ்வளவு அழுதிருக்க மாட்டேன்" என்றார். அந்த இடத்தைக் குறைத்துவிட்டேன்.

அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. நாகர்கோவில் பக்கம் ஓர் அரசு மருத்துவமனையில், எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு மருந்து கொடுக்கும் மையத்தில் ஒப்பந்த வேலை. சேர்ந்து நாலு மாதம். பாதியில் விட்டுப்போனவர்களைத் தேடிக் கண்டுபிடித்து மறுபடி கூட்டி வருவது என் பொறுப்பு. ஓடியாடும் வேலை என்றதும் மகிழ்ந்து போனேன். ஓரிடத்தில் உட்கார எனக்கு எப்போதுமே வராது.

விதி மாறி அதிக காலம் ஆகவில்லை. அதற்கு முன், ரத்தத்தில் கிருமி இருக்கிறது என்று தெரிந்தால் மட்டும் மருந்து கிடைத்துவிடாது. நோயை எதிர்க்கும் அணுக்களை எண்ணுவார்கள். 'கவுண்ட்' என்பது எங்கள் பாஷை. அது இருநூறுக்குக் கீழே இறங்கினால்தான் மருந்து. பிறகு முந்நூற்றைம்பது, பிறகு ஐந்நூறு என்று வரம்பு ஏறிக்கொண்டே வந்து, கடைசியில் வரம்பே இல்லாமல் போனது. இருக்கிறது என்று தெரிந்தால் போதும். கவுண்ட் எவ்வளவு இருந்தாலும் மருந்து உண்டு. உடம்பு இடம் கொடுத்தால் அன்றைக்கே.

நான் சேரும்போது இந்தப் புதிய விதிதான் நடப்பு. அதனால் பழைய விதி எனக்கு விசித்திரமாகப் பட்டது. குடை கேட்டு வந்தவரிடம், இன்னும் நீங்கள் சரியாக நனையவில்லை, போய் நனைந்துவிட்டு வாருங்கள் என்று சொல்வதைப் போல.

அப்படித் திருப்பி அனுப்பப்பட்டவர்களின் பெயர்கள் ஒரு தடித்த நோட்டில் இருந்தன. அட்டை பிய்ந்து, துணி ஒட்டிய நோட்டு. 'உங்களுக்கு இப்போது மருந்து வேண்டாம், ஆறு மாதம் கழித்து வாருங்கள்' என்று சொல்லப்பட்டவர்கள். ஒரு முறை வந்தார்கள், இரண்டு முறை வந்தார்கள். பிறகு அந்த வரிசையில் கட்டங்கள் வெறுமையாகக் கிடந்தன. உடம்பில் ஒரு கோளாறும் தெரியாதவர், கொடுக்காத மருந்துக்காக ஒரு நாள் கூலியை விட்டு எத்தனை முறை பஸ் ஏறுவார்?

இப்போது அவர்கள் எல்லோருக்கும் மருந்து உண்டு. அது அவர்களுக்குத் தெரியாது. நான் போய்ச் சொல்ல வேண்டும்.

நோட்டில் 'வீட்டுக்கு வரலாமா?' என்று ஒரு கட்டம். பெரும்பாலும் 'வேண்டாம்' என்றுதான் எழுதியிருக்கும். பிரகாசி என்ற பெயருக்கு நேராக, யாரோ ஒரு பழைய ஆலோசகர் நீல மையில் அழகாக எழுதியிருந்தார்: 'வரலாம். மீன் விசாரிக்க வந்ததாகச் சொல்லவும்.'

அதில் இருந்த போன் எண் எப்போதோ செத்துவிட்டது. நேரில் போவதைத் தவிர வழியில்லை.

"திங்கக்கிழமை போ பிள்ளே" என்றார் என்னோடு வேலை பார்க்கும் மணி அண்ணன்.

"நாளைக்கு எனக்கு லீவுதானே. நாளைக்கே போயிட்டு வந்துடறேனே."

"கடப்புறத்துக்கு ஞாயித்துக்கிழமை போவாத. சொல்லதைக் கேளு, அங்க..."

நான் அதற்குள் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டேன்.

நாற்காலியில் வந்தவரும் ஹெல்மெட்டோடு வந்தவரும்

மணி அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அஞ்சுகிராமத்துக்காரர். எங்கள் மையத்தில் என்னைப் போலவே களப்பணியாளர். வித்தியாசம் என்னவென்றால், அவர் தினமும் அதே மருந்தைச் சாப்பிடுகிறவர். புதிதாக வருகிறவர்களிடம் அதை அவரே சொல்வார். அதுவும் அவருடைய வேலையில் ஒரு பகுதி.

பழைய விதிக் காலத்தில் அவரை வீட்டு நாற்காலியோடு தூக்கி வந்தார்களாம். கவுண்ட் இரண்டு இலக்கத்தில் இருந்ததாம். "சாவக் கிடந்ததுனால எனக்கு உடனே கிடைச்சுது. நல்லா இருந்தவனுவளைத்தான் போயிட்டு வாலேன்னு அனுப்பிட்டாவ" என்று சிரிப்பார். அவருக்குப் பக்கத்துப் படுக்கையில் கிடந்தவரைப் பற்றிக் கேட்டால் மட்டும் சிரிக்க மாட்டார்.

அந்தக் காலத்தில் எங்கள் காத்திருப்புக் கூடம் எப்படி இருந்தது என்று அவர் சொல்லித்தான் தெரியும். பிளாஸ்க், தலையணை, தாங்கிப் பிடித்தபடி ஒரு துணை. இப்போது பெஞ்சில் ஹெல்மெட் வைக்க இடமில்லை. வேலைக்கு நடுவே வந்தவர்கள், சாப்பாட்டுப் பை வைத்திருப்பவர்கள், மணி பார்க்கிறவர்கள். விதி மாறியதும் வாசலில் நுழையும் ஆட்களே மாறிவிட்டார்கள்.

அதில் எனக்குக் கிடைத்த முதல் அடி ஒன்று உண்டு. வளைகுடா போக விசா மெடிக்கலுக்குப் போன இடத்தில் தெரியவந்து, எங்களிடம் அனுப்பப்பட்ட ஓர் இளைஞன். என் வயதுதான். "எனக்கு ஒரு கேடும் இல்லியே. பெறவு எதுக்கு மருந்து?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். நான் புதிய விதியை ஒப்பிப்பதில் மும்முரமாக இருந்தேன். அன்றைக்கே ஆரம்பித்தால் எவ்வளவு நல்லது என்று ஒரு மணி நேரம் பேசினேன். மருந்து டப்பாவை வாங்கிக்கொண்டு தலையாட்டிவிட்டுப் போனான்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்கு வெளியே பஸ் ஸ்டாப் பெஞ்சில் அந்த டப்பா இருந்தது. மூடி பிரிக்கப்படவில்லை. மணி அண்ணன்தான் எடுத்து வந்து என் மேசையில் வைத்தார். 

அந்த டப்பா மேசையில் இருந்த நாட்களில்தான் நான் நோட்டை இன்னும் வேகமாகப் புரட்டினேன். ஒருவரைத் தவறவிட்டேன், வேறொருவரைக் கூட்டி வந்துவிட வேண்டும் என்று ஒரு வெறி. அதனால்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை.

புத்திசாலிங்கோ!

மெற்றில்டா ஓடி வந்தார். அவர் பின்னால் இன்னும் இரண்டு பேர். விஷயம் இதுதான்: பிரகாசியின் மகள் ஜெஸ்லினுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அன்று காலைப் பூசையில்தான் முதல் ஓலை வாசித்திருந்தார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு கோயிலில் அறிவிப்பதுதான் ஓலை. அந்த மூன்று வாரமும் தெருவில் புது முகம் வந்தால் அது மாப்பிள்ளை வீட்டு உளவுதான் என்பது ஊரின் கணக்கு.

"நெத்தியில பொட்டு இருக்கே?" என்றார் ஒருவர்.

"அதாக்கும் விசயம்" என்றார் பூண்டு உரித்தவர். "சொந்தக்காரங்களை அனுப்பினா நாம கண்டுபிடிச்சிருவோமுன்னு, மாப்பிள்ளைக்க ஆபீஸ் பிள்ளையை அனுப்பியிருக்காவ. புத்திசாலிங்கோ!"

"இல்லக்கா, நான் மீன்தான்..."

"கேளு மக்கா, கேளு. தாராளமாட்டுக் கேளு. பிரகாசி மாறி ஒருத்தி இந்தக் கரையில கிடையாது. புருசன் போய்ச் சேர்ந்த பெறவு தலையில மீன்பெட்டி சுமந்து மோளை பி.எஸ்ஸி. படிக்க வச்சா."

"குட்டி கோயில்ல என்னமா பாடும் தெரியுமா?"

"அவரு போன பெறவு அந்த வீட்டுல தீனம், நோவுன்னு ஒரு நாளு ஒருத்தர் படுத்தது இல்ல. அதையும் போய்ச் சொல்லு."

என் தோள்பையில் நோட்டிலிருந்து எழுதியெடுத்த காகிதம் இருந்தது. பையை மார்போடு அணைத்துக்கொண்டேன்.

என்னை ஊர்வலமாகவே கூட்டிப் போனார்கள். மூன்று வீடு தள்ளி, பச்சை நிறக் கதவு. உள்ளிருந்து வந்த பெண்மணி ஒல்லியாக, நிமிர்ந்து இருந்தார். கையிலிருந்த வளையல், கையை உயர்த்தினால் முழங்கை வரை ஏறி, இறக்கினால் மணிக்கட்டில் வந்து விழுந்தது.

"பிரகாசி, பாரு ஆரு வந்திருக்கான்னு! மீனு வேணுமாம், இன்னைக்கு!" தெரு மொத்தமும் சிரித்தது.

மீன் என்ற சொல் அவர் முகத்தில் பட்டதை நான் பார்த்தேன். எத்தனையோ வருடங்களுக்கு முன் தானே சொல்லிவைத்த வார்த்தை. ஒரு நொடி கண் நிலைகுத்தி நின்றது. அடுத்த நொடி அவரும் சிரித்தார்.

"மாப்பிள்ளை வீட்டுக்காரிகளுக்கு எனக்க வீட்டு மீன்குழம்பு ருசி பாக்கணுமா இருக்கும். உள்ள வா மக்கா."

உள்ளே போனாலும் கூட்டம் கூடவே வந்தது. பால் விடாத கட்டன் சாயா கொடுத்தார். முறுக்கு கொடுத்தார். மெற்றில்டா என் சம்பளம் கேட்டார். ஜெஸ்லின் கதவோரம் நின்று என்னை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். வந்த காரியத்தில் ஒரு சொல் பேச முடியவில்லை. சாயா ஆறும் வரை நான் மாப்பிள்ளையின் நற்குணங்களைப் பற்றிப் பொதுவாக ஏதேதோ சொன்னேன். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது.

குருசடிப் பக்கம்

"வண்டி வரை விட்டுட்டு வாரேன்" என்று பிரகாசி அக்கா எழுந்தார். அதற்கு மட்டும் யாரும் கூட வரவில்லை. சம்பந்தக்காரரோடு தனியாகப் பேச இரண்டு சொல் இருக்கும் என்று விட்டுவிட்டார்கள்.

என் ஸ்கூட்டர், சிலுவை நிற்கும் சின்னக் கோயிலான குருசடிக்குப் பக்கத்தில் நின்றிருந்தது. உருகிய மெழுகு மணம், உப்புக்காற்று. அவர் குரலே மாறியிருந்தது.

"இத்தன வருசம் கழிச்சு என்னத்துக்கு வந்த?"

சொன்னேன். விதி மாறிவிட்டது, எல்லோருக்கும் மருந்து, கவுண்ட் பார்க்க வேண்டியதில்லை, தினமும் ஒரே மாத்திரை, நாளைக்கே வாருங்கள். மூச்சு விடாமல் சொன்னேன்.

அவர் முகம் வெளுத்துப் போயிற்று. "அப்போ எனக்க நேரம் ஆயிட்டா?"

"என்ன நேரம்?"

"மருந்து தாறோமுன்னு கூப்பிடுதியளே."

புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அவர் கணவர் ஆழ்கடல் படகுக்குப் போனவர். முதலில் சோதனை செய்தபோது கவுண்ட் வரம்புக்கு மேலே இருந்ததால் மருந்து வேண்டாம் என்று அனுப்பினார்கள். மறுபடி அவரை ஆட்டோவில் படுக்க வைத்துத்தான் கொண்டு போனார்கள். அன்றைக்கு மருந்து ஆரம்பித்தார்கள். பதினைந்தாம் நாள் இறந்தார். அந்த நாட்களில் தாய்க்கும் மகளுக்கும் சோதித்தார்கள். மகளுக்கு இல்லை. இவருக்கு இருந்தது, ஆனால் கவுண்ட் நன்றாக இருந்தது. "உங்களுக்கு மருந்து வேண்டாம்" என்றார்கள். அந்தச் சீட்டை அவர் வேதாகமத்துக்குள் வைத்திருந்தார். பள்ளிக்கூடத்தில் பாஸ் ஆன சீட்டைப் போல.

மருந்து வேண்டாம் என்றால் பிழைத்தோம். மருந்து கொடுத்தால் முடிந்தது. அவர் வாழ்க்கையில் பார்த்தது அதுதான். 

"மருந்து தொடங்கினா பதினஞ்சு நாளு. கல்யாணத்துக்கு இன்னும் இருபத்திரண்டு நாளு கிடக்கு. ரெண்டு ஓலை பாக்கி. இப்போ நான் விழுந்தா அந்தக் குட்டிக்க கதி என்ன? கல்யாணம் முடியட்டு. பெறவு நீ சொன்ன இடத்துக்கு வாரேன்."

"அக்கா, அவர மருந்து ஒண்ணும் பண்ணல. ரொம்பத் தாமதமா குடுத்ததாலதான்..."

சொல்லி முடிக்கும் முன்பே, என்ன சொல்லிவிட்டேன் என்று எனக்கு உறைத்தது. அவர் என்னையே பார்த்தார்.

"அப்போ அன்னைக்கே குடுத்திருந்தா, அவரு இருந்திருப்பாரு?"

புத்தகத்தில் இதற்கு நிறைய பதில் இருக்கிறது. அப்போது தெரிந்தது அவ்வளவு, மருந்தும் எல்லோருக்கும் போதாது, மோசமாக இருப்பவர்களை முதலில் காப்பாற்ற நினைத்தார்கள். எல்லாம் உண்மை. 

"இருந்திருக்கலாம் அக்கா" என்றேன்.

அவர் சேலைத்தலைப்பால் முகத்தை ஒருமுறை துடைத்தார். என் போன் எண் எழுதிய சீட்டை வாங்கி ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார். தெருவுக்குள் திரும்பும்போது மறுபடி சிரித்த முகம்.

வெள்ளிக்கிழமை போன்

மறுநாள் நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு, "அதை ஏம்மா சொன்ன?" என்றார் மணி அண்ணன். திட்டவில்லை. உண்மையிலேயே கேட்டார்.

"பொய் சொல்லவா சொல்றீங்க? காலையிலேருந்து சொன்ன பொய் போதாதா?"

அவர் பஸ் ஸ்டாப் டப்பாவை எடுத்து அலமாரிக்குள் வைத்தார். "அவிய கேட்ட கேள்வி எனக்கும் உண்டும். எனக்க பக்கத்துல கிடந்தவனுக்காக" என்றார்.

அந்த வாரம் முழுக்கப் போன் அடித்தபோதெல்லாம் எடுத்துப் பார்த்தேன். கடன் அட்டை வேண்டுமா என்று கேட்டார்கள். அம்மா வெண்டைக்காய் வாங்கி வரச் சொன்னாள். வெள்ளிக்கிழமை மதியம், தெரியாத எண்.

"ஞாயித்துக்கிழமை மீன் கேட்ட பிள்ளையா?"

"அக்கா!"

"சத்தம் போடாத. நாளைக் கழிச்சு ரெண்டாம் ஓலை. அது முடிஞ்சு திங்கக்கிழமை வண்டியைக் கொண்டா. கல்யாணச் சேலைக்குப் பிளவுஸ் துணி பொருத்தம் பாக்க மாப்பிள்ளை வீட்டுலேருந்து கூட்டிட்டுப் போறதாட்டு வரணும். கேட்டியா?"

"இன்னைக்கே வரேனே அக்கா. எதுக்கு மூணு நாள்..."

"திங்கக்கிழமை" என்று வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை தெருவே என்னை வழியனுப்பியது. நல்ல மெரூன் பார்த்து எடுக்கச் சொன்னார்கள். பிரகாசி அக்கா பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தபோது வண்டியில் கனமே தெரியவில்லை. அவர் கொண்டையைச் சரிசெய்துகொண்டிருந்த நேரம், ஜெஸ்லின் எனக்கு ஹெல்மெட்டை எடுத்துத் தருவதுபோலப் பக்கத்தில் வந்தாள்.

"அக்கா, அவர்ட்ட போன்ல கேட்டேன். அவரு ஆபீஸ்ல பொம்பளைப் பிள்ளையே கிடையாதாம்."

ஹெல்மெட்டை மாட்டப்போன கையை இறக்கினேன்.

"அம்மைக்கு நல்லதுக்குத்தான வாரீய?"

"ஆமா ஜெஸ்லின்."

"அப்போ நான் ஒண்ணும் கேக்கல. பைய ஓட்டுங்க. அம்மைக்குத் தலை சுத்தும்."

கணக்கு

மையத்தில் அவர் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். பக்கத்தில் ஹெல்மெட்டோடு ஒரு பையன் போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான். அவனையே வெகுநேரம் பார்த்தார். "இவனுமா?" என்று என் காதில் கேட்டார். "நல்லா இருக்கானே."

எடை பார்த்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். உடம்பு இளைத்திருந்ததால் முதலில் காசநோய் இல்லை என்று உறுதி செய்ய வேண்டியிருந்தது. சளிப் பரிசோதனை, எக்ஸ்ரே. மதியத்துக்குமேல்தான் இல்லை என்று வந்தது. டாக்டர் பொறுமையாகப் பேசினார். அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் எனக்குப் பழக்கமானது. வளைகுடாப் பையனும் அப்படித்தான் ஆட்டினான்.

வெளியே வந்ததும் மணி அண்ணன் எதிரே வந்து உட்கார்ந்தார். "நானும் இதே மாத்திரைதான் அக்கா."

"எத்தன நாளா?"

"பதிமூணு வருசம் ஆவுது."

அவர் மணி அண்ணனின் கையைப் பார்த்தார், வயிற்றைப் பார்த்தார். மணி அண்ணனுக்கு நல்ல தொப்பை. "கொஞ்சம் குறைச்சுச் சாப்பிடலாம் நீரு" என்றார். அன்றைக்கு அவர் சிரித்தது அப்போதுதான்.

இப்படியெல்லாம் பேசி மனம் மாறிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். அது நடக்கவில்லை. டப்பாவைக் கையில் வாங்கிக்கொண்டு அவர் சொன்னது இது:

"இன்னைக்குத் தொடங்கினா பதினஞ்சாம் நாளு கல்யாணம். நான் எண்ணிப் பாத்துட்டேனாக்கும். அதுக்குத்தான் திங்கக்கிழமை சொன்னேன். மோளுக்க கழுத்துல தாலி கேறுறதைக் கண்டா போதும். அதுக்குப் பெறவு வாறது வரட்டு."

எட்டு நாள் வீணாகிவிட்டதே என்று நான் தவித்துக்கொண்டிருந்த தாமதம், அவர் தனக்காக வாங்கிய நாட்கள். என்னை அவர் நம்பவில்லை. நம்பாமலேயே வந்திருந்தார்.

"அப்போ ஏன் அக்கா வந்தீங்க? கல்யாணத்துக்குப் பிறகே வந்திருக்கலாமே."

டப்பாவைக் காதருகே கொண்டுபோய் ஆட்டினார். மாத்திரைகள் கலகலத்தன. மூடியைத் திறந்து, கையில் ரத்தம் எடுத்த இடத்தில் ஒட்டியிருந்த பஞ்சை எடுக்கப் போனார். மணி அண்ணன் வேறு சுத்தமான பஞ்சு கொடுத்தார். அதை உள்ளே அடைத்து மறுபடி ஆட்டினார். சத்தம் இல்லை.

"நீ அன்னைக்கு இருந்திருக்கலாமுன்னு சொன்னல்லா" என்றார். "ஒருத்தரும் இதுவரை எனக்கிட்ட அப்பிடிச் சொல்லல. அவரு குடிச்சாரு, கெட்டுப் போனாரு, செத்தாருன்னுதான் சொன்னாவ."

பிறகு பையைத் தோளில் போட்டுக்கொண்டார். "வா. துணி எடுக்காமப் போனா மெற்றில்டா விடமாட்டா."

ஜவுளிக்கடையில் அவர் அரை மணி நேரம் பேரம் பேசினார். காலையிலிருந்து வெறும் சாயாவோடு இருந்தவர் மெரூன் துணிக்கு அப்படி வாதாடினார். கடைப் பையின் அடியில் டப்பா, மேலே துணி. தெருமுனையிலேயே மெற்றில்டா பையை வாங்கிக்கொண்டார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். துணியை வெளியே இழுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தார். "சாயம் போவும்போல இருக்கே" என்று பையோடு திருப்பிக் கொடுத்துவிட்டார்.

பதினைந்தும் அதற்கடுத்ததும்

அந்தப் பதினைந்து நாளும் நானும் எண்ணினேன். மருந்தால் உயிர் போகாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் எண்ணினேன். நாலாம் நாள் குமட்டல் என்று போன். ஏழாம் நாள் மூன்றாம் ஓலை வாசித்தாகிவிட்டது, ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை என்று போன். பத்தாம் நாள் இட்லி நாலு இறங்கியது என்று போன்.

கல்யாணத்துக்கு என்னை அழைத்திருந்தார். பெண் வீட்டார் என்னை மாப்பிள்ளை வீட்டு ஆள் என்று முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் பெண்ணின் கல்லூரித் தோழி என்று நினைத்தார்கள். தாலி கட்டும்போது நான் மணமக்களைப் பார்க்கவில்லை. தூண் ஓரம், கரும்பச்சைப் பட்டில், இரண்டு கையாலும் முன்பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்ற அக்காவைத்தான் பார்த்தேன். ஆமென் சொல்லும்போது உதடு அசைந்தது. கை விளிம்பை விடவில்லை.

பந்தியில் பாயசம் ஊற்றிக்கொண்டே என் இலைப் பக்கம் குனிந்தார். "பதினஞ்சு" என்றார். அடுத்த இலைக்குப் போய்விட்டார்.

மறுநாள் காலை நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. எடுத்ததும் முதலில் கேட்டது அலைச்சத்தம். பிறகு யாரோ விலை கூவும் குரல், பெண்கள் சண்டை போடும் குரல்.

"மக்கா."

"சொல்லுங்க அக்கா."

"பதினாறு."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தேன். 

"கேக்குதா இல்லியா? மருமவன் மறுவீட்டுக்கு வாறாரு, மீனு எடுக்க வந்தேன். நல்ல நெய்மீனு கிடக்கு." கொஞ்சம் நிறுத்தினார். சிரிப்பது தெரிந்தது. "இன்னைக்கு செவ்வாய்க்கிழமையாக்கும். இன்னைக்குக் கேளு பிள்ளே, தாரேன்."

"ஒரு கிலோ எடுத்து வையுங்க அக்கா" என்றேன்.

எங்கள் வீட்டு அடுப்பில் மீன் ஏறியதில்லை என்று அன்றைக்கும் நான் அவரிடம் சொல்லவில்லை.